கொல்லிமலையில் குடியேறிய சீமைக் குடும்பம்

நாமக்கல் சமவெளியில் இருந்து பார்த்தால் கொல்லிமலை தெரியும். இன்று பஸ் ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போய்விடலாம். நூறு வருடங்களுக்கு முன்பு ரோடு கிடையாது. மலேரியாவுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் அங்கே தங்கமாட்டார்கள்.

அங்கேதான் ஆங்கிலேயரான ஜெஸ்ஸி பிராண்டும் மனைவி ஈவ்லினும் குடியேறினார்கள். மத ஊழியத்துக்கு வந்தவர்கள். நோயாளிகளுக்கு மருந்தும் கொடுத்தார்கள். மகன் பால் 1914-ல் பிறந்தான். மலைக்காட்டில் மரம் ஏறி வளர்ந்தான். 9 வயதில் அவனைப் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டு, பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள்.

தந்திக்குப் பின் கடிதம்

1929-ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். மகனுக்குத் தந்தி போயிற்று. அதற்குப் பிறகும் அப்பாவின் கடிதங்கள் வந்தன! அவர் உயிரோடு இருந்தபோது எழுதியவை. கப்பலில் மெதுவாக வந்தவை.

பால் டாக்டர் ஆனார். 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். "நோய் விரலைத் தின்றுவிடும்" என்று ஜனங்கள் நம்பினார்கள். அது தவறு, வலி தெரியாததால் படும் காயங்களே விரலை அழிக்கின்றன என்று அவர் காட்டினார். 1966-ல் அமெரிக்கா சென்று, அங்கேயும் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் செய்தார். 2003-ல் காலமானார்.

தாய் போகவில்லை

ஈவ்லின் சுமார் 70 வயதில் ஓய்வு பெற்றார். ஆனால் சீமைக்குப் போகவில்லை. மலைக்கே திரும்பினார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்தார். 1974-ல், 95-வது வயதில் இறந்தார். கணவருக்குப் பக்கத்திலேயே, கொல்லிமலை மண்ணில் அவரை அடக்கம் செய்தார்கள்.