விடை தெரியாத வாத்தியார்

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எந்த ஸ்டேஷனரி கடையிலும் ‘ப்ராஜெக்ட்’ விலைக்குக் கிடைக்கிறது. தெர்மாகோல் எரிமலை, சூரியக் குடும்பம், இதயத்தின் குறுக்குவெட்டு. அப்பா காசு கொடுக்கிறார், அம்மா ராத்திரி உட்கார்ந்து ஒட்டுகிறார், பிள்ளை காலையில் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போகிறது. வாத்தியாருக்கும் இது தெரியும். மார்க்கும் போட்டுவிடுகிறார்.

செயல்திட்ட வழிக் கற்றல் என்று கல்வியாளர்கள் சொல்வது இதை அல்ல. அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918-இல் இதைப் பற்றி எழுதினார். கைவேலை வழியாகப் பாடம் என்று காந்தி 1937-இல் வார்தாவில் பேசினார். புதுச்சேரிக்கோ இது வீட்டுச் சரக்கு. 1993-இலிருந்து தேசிய அளவில் நடக்கும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ததில் புதுவை அறிவியல் இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 10 முதல் 17 வயதுள்ள பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, களத்தில் இறங்கி, அன்றாடம் குறிப்பேடு எழுத வேண்டும். கடையில் வாங்கிய எரிமலைக்கு அங்கே வேலை இல்லை. ‘இந்த வீட்டில் யாரிடம் கேட்டாய்?’ என்று நடுவர் ஒரு கேள்வி போட்டாலே சாயம் வெளுத்துவிடும்.

புதுச்சேரியின் உழவர்கரையில் அப்படியொரு ஊர்ப் பிரச்சினையைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. தண்ணீர் போதும். கிருஷ்ணதேவராயர் காலத்தில் ஆயி என்ற கணிகை தன் மாளிகையை இடித்து, இங்கே முத்திரையர்பாளையத்தில் குளம் வெட்டியதாகக் கதை. பிரெஞ்சு ஆட்சியில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அங்கிருந்துதான் நகரத்துக்கு நல்ல தண்ணீர் போனது. அதன் நினைவாக எழுந்ததுதான் பாரதி பூங்காவில் இன்று சுற்றுலாக்காரர்கள் போட்டோ எடுக்கும் ஆயி மண்டபம். ஊருக்கே தண்ணீர் கொடுத்த பக்கத்தில் இன்று வாசலுக்கு வாசல் கேன் தண்ணீர் வந்து இறங்குகிறதே, ஏன்?

எட்டாம் வகுப்புக்கு இந்த ஒரு கேள்வி போதும். நாலு பேர் சேர்ந்து ஒரு தெருவை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வீடு போர் எத்தனை அடி, எந்த வருஷம் போட்டது என்று கேட்டு எழுதுவார்கள். பாட்டிமார் பேசத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம். தமிழ்ப் பாடத்தின் நேர்காணல் பயிற்சி அதிலேயே முடிந்துவிடும். மூடாமல் மிச்சமிருக்கும் கிணறு ஏதாவது இருந்தால், பெரியவர் ஒருவர் துணையோடு, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி நீர்மட்டம் பார்க்கலாம். சில நூறு ரூபாய்க்கு விற்கும் டிடிஎஸ் மீட்டரைக் குழாய்த் தண்ணீரில் முக்கினால் ஓர் எண் வரும். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 2000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். நம் தெரு எங்கே நிற்கிறது? சராசரியும் வரைபடமும் அப்போதுதான் கணக்கு நோட்டைவிட்டு வெளியே வருகின்றன. கடலோரத் தெருவுக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கத்துத் தெருவுக்கும் எண் ஏன் மாறுகிறது என்று ஒரு பிள்ளை கேட்டால், வாத்தியாருக்கே விடை தெரியாது. அங்கேதான் வகுப்பு சூடு பிடிக்கும்.

ஆசிரியர்கள் மறுப்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை. போர்ஷன் முடியாது, நாற்பது பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனால் ரோட்டில் பொறுப்பு யாருடையது என்ற பயம் நியாயமானது. ஆனால் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிய பிறகு பத்தாம் வகுப்பில் பாடத்துக்கு 20 மதிப்பெண் அகமதிப்பீட்டில் இருக்கிறது. அதையும் யூனிட் டெஸ்ட்டிலும் நோட்டுத் திருத்துவதிலும் கரைத்துவிடுவது நம் வழக்கம். தெரு சர்வேயைப் பிள்ளைகள் அவரவர் வீட்டுத் தெருவிலேயே சாயங்காலம் செய்யலாம். ரோட்டைக் கடக்க வேண்டியதில்லை.

நாள்காட்டியும் நமக்குச் சாதகம். கோடை முடிந்து பள்ளி திறக்கும்போது கிணறு அடிமட்டத்தில் இருக்கும். முதல் அளவை அப்போதே எடுத்துவிட வேண்டும். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓய்ந்துவிடும். பொங்கல் லீவு விடுவதற்குள் அதே கயிற்றோடு அதே கிணற்றுக்குப் போய் இரண்டாவது அளவை எடுத்தால், ஆண்டுத் தேர்வுக்கு முன்பே அறிக்கை எழுதி முடிக்க நேரம் இருக்கிறது.