கணினிக்குள்ளும் தெருவாரியாகக் குழுவா?

கம்மாபுரம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குச் செயல்திட்டம் என்றால் சார்ட் அட்டையும் பசையும்தான் பழக்கம். அரசுப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகம் வந்தபின், அதையே இணையவழிக் கற்றல் தளத்தில் குழுவாகச் செய்ய வழியுண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் அங்கேயே திருத்தலாம். நல்லதுதான்.

ஆனால் குழுவை யார் பிரிப்பது? பிள்ளைகளிடமே விட்டால் தெருவாரியாகச் சேர்ந்துவிடுவார்கள். ஊருக்குள் இருக்கும் கோடு கணினிக்குள்ளும் விழும். 2023 ஆகஸ்டில் நடந்த நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவரை அகரவரிசையில் உட்கார வையுங்கள், வருகைப் பதிவேட்டில் சாதி கூடாது என்றது. தளத்திலும் அகரவரிசைப்படி ஆசிரியரே குழு பிரிக்கட்டும்.

கடவுச்சொல் இருந்தால் மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது. சக மாணவர் பார்க்கும் பக்கத்தில் பெயரும் வகுப்பும் போதும். முகவரி, உதவித்தொகை விவரம் எதற்கு? ‘காலனி’ என்ற ஒற்றைச் சொல்லே சாதியைக் காட்டிக்கொடுக்கும். (அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் அறிவித்ததே 2025 ஏப்ரலில்தான்!) ஒன்றிய அரசின் திக்‌ஷா தளத்தில் லட்சக்கணக்கான மாணவர், ஆசிரியர் விவரங்கள் பூட்டில்லாமல் கிடந்தது 2023 ஜனவரியில் அம்பலமானது. அதே ஆண்டு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோர் விவரத்தைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நம் பெற்றோரிடம் கைநாட்டு வாங்குமுன் படிவத்தைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும்.

வீட்டில் செல்போன் இல்லாத பிள்ளைக்குப் பள்ளி நேரத்திலேயே ஆய்வகம் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் குழுவில் அந்தப் பிள்ளையின் பெயர் இருக்கும், உழைப்பு இருக்காது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதையெல்லாம் கேட்போம்.