மழை கொட்டும் ஊரில் பள்ளத்தாக்கு எங்கே?

தெம்பனிஸிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு அமெரிக்கா போகிறார்கள். லாஸ் வேகஸில் மூன்று இரவு, நடுவே ஒரு நாள் கிராண்ட் கேன்யன் என்பது பயண நிறுவனம் போட்டுக்கொடுத்த திட்டம். உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள் விளம்பரத் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டாளாம்: "அங்கே மழையே கிடையாது. ஆனால் தண்ணீர் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்துக்கு வெட்டியிருக்கிறது. இங்கே இடியும் மழையுமாகக் கொட்டுகிறது. நம் தீவில் ஏன் ஒரு பள்ளத்தாக்குகூட இல்லை?"

கேள்வி சரியான இடத்தில் குத்துகிறது. லாஸ் வேகஸில் ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழை. கேன்யனின் தென்விளிம்பில் ஏறத்தாழ 400. சிங்கப்பூரில் 2,100க்கும் மேல். மழைதான் பள்ளத்தாக்கை வெட்டுகிறது என்றால் புக்கிட் தீமாவைச் சுற்றி அதலபாதாளம் இருந்திருக்க வேண்டும். ஆக, வெட்டியது அந்த ஊர் மழை இல்லை. கேன்யனுக்குள் ஓடும் கொலராடோ ஆறு, நெடுந்தொலைவிலுள்ள ராக்கி மலைகளின் பனி உருகி வருவது. பாலைவனம் அதற்கு வழிப்பாதை மட்டுமே.

ஆனாலும் வெளியூர்த் தண்ணீர் என்பது பாதி விடைதான். எத்தனையோ பெரிய ஆறுகள் சமவெளியில் சோம்பலாக ஓடிக் கடலில் கலக்கின்றன, ஒரு வாய்க்கால் ஆழம்கூட வெட்டுவதில்லை. ஆறு எப்போது வெட்டும், எப்போது சும்மா ஓடும்? இதற்கு அரிவாள்மனையைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கத்தியால் நறுக்கும்போது காய் கிடக்கும், கத்தி நகரும். அரிவாள்மனையில் அலகு அசையாது, காய்தான் அதன்மேல் நகரும். ஆறு இந்த அலகைப் போன்றது. அது தானாகக் கீழே போய்க்கொண்டே இருக்க முடியாது, ஏனென்றால் எந்த ஆறும் தான் போய்ச்சேரும் கடலின் மட்டத்துக்குக் கீழே வெட்ட முடியாது. கடல்மட்டம்தான் மனைப்பலகை. அதற்குமேல் எவ்வளவு காய் உயர்ந்து நிற்கிறதோ அவ்வளவுதான் வெட்டு. கேன்யனின் தென்விளிம்பு கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காலடியில் கிடப்பது கடலில் படிந்த சுண்ணாம்புக்கல், அதற்குள் கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள். ஒரு காலத்தில் கடலடியாக இருந்த தரையைப் பூமி மெல்ல மெல்லத் தூக்கி அந்த உயரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. நம் புக்கிட் தீமா உச்சியே 164 மீட்டர்தான். நறுக்குவதற்குக் காய் வேண்டுமே!

காயைத் தூக்கியாயிற்று, அலகும் இருக்கிறது. வெட்டத் தொடங்கியது எது? சுமார் 50, 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கலிபோர்னிய வளைகுடா பிளந்து திறந்தது. அதுவரை வேறு போக்கில் இருந்த நீருக்குத் திடீரென்று மிகத் தாழ்வான ஒரு கடல் வாசல் கிடைத்தது. மனைப்பலகையையே கீழே இறக்கி வைத்ததைப் போன்ற மாற்றம் அது. கடலோரத்தில் சரிவு கூடியது, சரிவு கூடிய இடத்தில் நீர் வேகமெடுத்தது, வேகமெடுத்த நீர் அடித்தரையைத் தோண்டியது. அந்தத் தோண்டல் அங்கேயே நிற்காமல் ஆற்றை எதிர்த்து மேல்நோக்கி நகர்ந்தது.

இதைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடல் உள்வாங்கும் நேரத்தில், வடிகாலிலிருந்து மணலைக் கடந்து ஓடும் சிற்றோடையின் அருகே குந்தி உட்காருங்கள். கடல் சற்று இறங்கியதும், ஓடை கடலைத் தொடும் இடத்தில் விரல் உயரத்துக்கு ஒரு படி விழும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் படி கரையை நோக்கிப் பின்வாங்கும். அதன் விளிம்பிலிருந்து மணல் கொத்துக் கொத்தாக இடிந்து விழும், பின்னால் செங்குத்தான இரு சுவர்கள் மிஞ்சும். ஆற்று நீர் கீழ்நோக்கி ஓட, வெட்டு மேல்நோக்கிப் போகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

அரிவாள்மனைக்கு இன்னொரு பாகம் உண்டு, நுனியில் உள்ள தேங்காய்த் துருவி. தெளிந்த நீர் மழுங்கிய அலகு. பாறையை உண்மையில் ராவுவது நீர் அல்ல, நீர் உருட்டிவரும் மணலும் கல்லும்தான். அவையே துருவியின் பற்கள். அணைகள் வருமுன் கொலராடோ ஆறு ஆண்டுக்குப் பல கோடி டன் வண்டலைக் கேன்யன் வழியே சுமந்து சென்றது.

வரலாற்றையும் சொல்லிவிட வேண்டும். உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்த ஜான் வெஸ்லி பவல் 1869ல் படகுகளில் இந்த ஆற்றின் வழியே கேன்யனைக் கடந்தார். நிலம் உயர உயர ஆறு இருந்த இடத்திலேயே இருந்து அறுத்தது என்ற படத்தை முன்வைத்தவர் அவர்தான். ஆனால் நிலம் உயர்ந்தது முதலில், இன்றைய ஆறு வந்தது பின்னால் என்பது பிற்கால ஆய்வுகளின் முடிவு; அந்த அளவில் என் அரிவாள்மனையும் எளிமைப்படுத்திய படம்தான். 2012ல், கேன்யனின் மேற்குப் பகுதி 7 கோடி ஆண்டுப் பழமையானது என்று ஓர் ஆய்வு சொல்லப் பரபரப்பான செய்திகள் வந்தன. 2014ல் மற்றொரு குழு, சில துண்டுகள் பழையவை, முழுப் பள்ளத்தாக்காக அவை இணைந்தது 50, 60 லட்சம் ஆண்டுகளுக்குள்தான் என்று பதில் சொன்னது. நான் பின்னவர்கள் பக்கம். வழிகாட்டிகள் சொல்லும் '170 கோடி ஆண்டு' அடிப்பாறையின் வயது, பள்ளத்தின் வயதல்ல. இரண்டையும் குழப்பிச் சொல்லும் காணொளிகளை நம்ப வேண்டாம்.

இனி மழைக்கு வருவோம். ஆழத்தை வெட்டுவது ஆறு. சுவர்களைக் கரைத்துச் சாய்ப்பது மழை. நறுக்கிய கத்திரிக்காயை வெயிலில் போட்டால் வற்றலாகி வெட்டிய வடிவத்திலேயே நிற்கும், அடைமழை நாளில் வைத்தால் பூஞ்சை பிடித்துக் குழைந்துவிடும். பாலைவனக் காற்று கேன்யனை வற்றல் போட்டு வைத்திருக்கிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் ஊரில் பாறை வேதிமாற்றத்தால் உளுத்துக் களிமண்ணாகிறது. புக்கிட் தீமாவின் கருங்கல்கூடப் பல இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்குக் கையால் பொடிக்கக்கூடிய செம்மண்ணாகிவிட்டது. அப்படிப்பட்ட மண்ணில் செங்குத்துச் சுவர் நிற்காது.

கேன்யனே இதற்குச் சாட்சி சொல்கிறது. அங்கே ஆறு நடுவில் ஓடுவதில்லை, தென்விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. வடவிளிம்பு சுமார் 300 மீட்டர் கூடுதல் உயரம், அங்கே மழையும் பனியும் அதிகம். மேட்டுநிலம் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்கில் விழும் நீர் பள்ளத்துக்குள் பாய்கிறது, தெற்கில் விழுவது விலகிப் போகிறது. நீர் பாயும் பக்கம் அதிகம் தின்னப்பட்டு விளிம்பு வெகுதூரம் பின்வாங்கிவிட்டது.

ஆனால் மழை கூடக் கூட அரிப்பும் கூடிக்கொண்டே போவதில்லை. மழை கூடினால் செடி கூடும், செடி கூடினால் மண் காப்பாற்றப்படும். வால்டர் லாங்பைன், ஸ்டான்லி ஷும் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1958ல் இதை ஒரு வளைகோடாகவே வரைந்தார்கள். மண் அதிகம் அரிக்கப்படுவது ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர் மழை உள்ள அரைவறட்சி நிலத்தில். அதற்குக் குறைந்தால் அரிக்க நீர் போதாது, கூடினால் புல்லும் மரமும் தரையை மூடிவிடும். அது அமெரிக்க ஆற்று அளவீடுகளிலிருந்து வரைந்த கோடு, பருவமழை நாடுகளுக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஆனால் அதன் அடிப்படையைத் தெம்பனிஸிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

தெம்பனிஸ் நிற்பது 'பழைய வண்டல்' எனப்படும் படிவத்தின்மேல். பழங்கால ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல், களிமண், வெள்ளைக் குழாங்கற்கள், லேசாக இறுகியவை. அண்மையில் சிங்கப்பூரின் நிலவியலைத் திருத்தி எழுதியபோது இதற்குப் பிடோக் படிவம் என்று பெயர் மாற்றினார்கள். இந்தப் பகுதியில் மணல் குவாரிகள் இருந்தன. பிடோக் நீர்த்தேக்கமே 1986ல் நிறைவான, பழைய மணல் குவாரியிலிருந்து உருவான நீர்நிலைதான். புல்லை உரித்துவிட்டு இந்த மண்ணை ஒரு பெருமழையில் விட்டால், அங்குல அளவில் கேன்யன் தயார். தெம்பனிஸ் வடக்கில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகள் எழும் இடங்களில், மூடாமல் விட்ட மண்மேடு ஏதாவது வேலிக்கு வெளியிலிருந்து கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். சரிவு முழுக்கக் கோடு கோடாகப் பள்ளங்கள். இடையிடையே விரல் உயர மண்தூண்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குழாங்கல். பெரிய மழைத்துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து அறைகிறது. கல்லுக்கு அடியிலிருந்த மண் தப்பித்தது, சுற்றியிருந்தது பறந்தது.

மரம் மட்டும் இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். உயரக் கிளையிலிருந்து சொட்டும் துளி விழும் வழியில் மறுபடி வேகம் பிடித்துவிடும். தரையோடு ஒட்டிய புல்லும் சருகும்தான் காவல். அதனால்தான் கட்டுமான இடங்களில் சரிவுகளைத் தார்ப்பாயும் வலையும் போட்டு மூடச் சொல்கிறார்கள். ஒரு லிட்டரில் 50 மில்லிகிராமுக்கு மேல் துகள் மிதக்கும் நீரைப் பொது வடிகாலில் விடக்கூடாது என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி. மிக நல்ல விதி.

அப்படியானால் சிங்கப்பூரில் பள்ளத்தாக்கே இல்லையா? இருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. சிங்கப்பூர் நீரிணை வறண்ட நிலம். மனைப்பலகை இறங்கிவிட்டதால் காலாங் பக்கத்து ஆறுகள் பழைய வண்டலுக்குள் ஆழமாக வெட்டின. அதற்கு முந்தைய பனியுகங்களிலும் இதே கதைதான். பிறகு கடல் ஏறியது, பள்ளங்களில் மென்மையான கடற்களிமண் படிந்தது. சில இடங்களில் அதன் தடிமன் 40 மீட்டரையும் தாண்டும். துளையிட்டு எடுத்தால் மேலும் கீழும் மிருதுவான களி, நடுவில் இறுகிய ஓர் அடுக்கு வரும். கடல் விலகியிருந்த காலத்தில் வெயிலில் காய்ந்த அடுக்கு அது.

2010ல் திறந்த மரினா பே சேண்ட்ஸ், சூதாட்டக்கூடம் உட்பட, நிற்பது இந்த நிலத்தில்தான். மேலே கடலைத் தூர்த்து மீட்ட நிலம், அதற்குக் கீழே கடற்களிமண், அதற்கும் கீழே தெம்பனிஸில் தரையாகத் தெரியும் அதே பழைய வண்டல். கட்டடத்தின் பாரத்தைத் தாங்குவது அந்தக் கடைசி அடுக்கு. லாஸ் வேகஸிலிருந்து கேன்யனுக்குச் சாலைவழி பல மணி நேரம் ஆகும். இங்கே சூதாட்டக்கூடம் ஒருபுறம், பள்ளத்தாக்கு அதன் காலடியில்.

இது வெறும் விந்தைத் தகவல் இல்லை. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையில் எம்ஆர்டி சுரங்கத்துக்கான தோண்டுதளம் இடிந்து 4 பேர் உயிரிழந்தனர். வடிவமைப்புப் பிழைகளே முதன்மைக் காரணம் என்று விசாரணை கண்டது. அந்த இடத்தில் புதைந்த பள்ளத்தாக்கு ஒன்று குறுக்கே ஓடியதும் அந்த விசாரணையில் பேசப்பட்டது. மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் தீவில் எதையும் தோண்டக்கூடாது.

மறுபடி அமெரிக்காவுக்கு வருவோம். லாஸ் வேகஸ் தன் நீரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைக் கேன்யனை வெட்டிய அதே ஆற்றிலிருந்து குடிக்கிறது. அந்த ஆறும் இன்று பழைய ஆறு இல்லை. கேன்யனுக்கு மேல்நீரோட்டத்தில் 1963ல் நீரைத் தேக்கத் தொடங்கிய கிளென் கேன்யன் அணை வண்டலைப் பிடித்துக்கொண்டது. இன்று கேன்யனுக்குள் நுழைவது தெளிந்த, குளிர்ந்த நீர். துருவிக்குப் பல் போய்விட்டது, ஆற்றங்கரை மணல்திட்டுகள் தேய்கின்றன. அவற்றை மீட்க 1996 முதல் அவ்வப்போது அணையிலிருந்து செயற்கை வெள்ளம் விடுகிறார்கள்.

வாசகருக்கு ஒரு வார்த்தை. லாஸ் வேகஸிலிருந்து 'ஒரே நாளில் கிராண்ட் கேன்யன்' என்று விற்கப்படும் பயணங்களில் பல, சுமார் 200 கிலோமீட்டரிலுள்ள மேற்கு விளிம்புக்குப் போகின்றன. கண்ணாடி நடைபாலம் உள்ள அந்த இடம் ஹுவலபாய் பழங்குடியினரின் நிலம். அழகான இடம்தான், ஆனால் தேசியப் பூங்கா அதுவல்ல. நான் மேலே எழுதிய சுண்ணாம்புக்கல்லையும், ஆறு ஒருபக்கமாக ஒதுங்கி ஓடுவதையும் பார்க்க வேண்டுமானால் சுமார் 450 கிலோமீட்டரிலுள்ள தென்விளிம்புக்குத்தான் போக வேண்டும். வடவிளிம்பு டிசம்பரில் மூடியிருக்கும், தென்விளிம்பில் பனி கொட்டலாம், கனத்த உடை அவசியம். பணம் கட்டுமுன் எந்த விளிம்பு என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லாஸ் வேகஸுக்கு ஓர் இரவு போதும், மற்ற இரண்டையும் தென்விளிம்புக்குக் கொடுங்கள்.