வானொலி தந்த குடும்பச் சிரிப்பு

நம் நாட்டிலே தொலைக்காட்சி கால்கொண்டது 1979 ஆம் ஆண்டில். அதற்கு முன்னர், மாலை வேளையிற் குடும்பத்தினரை ஓரிடத்திற் கூட்டிவைத்த பெருமை வானொலிப் பெட்டிக்கே உரியதாயிருந்தது. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், வயலாலும் வலையாலும் பிழைத்த எளிய குடும்பத்தினரும் அதனைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தனர்.

அச்சிரிப்புக்குப் பெரிதுங் காரணமானது, 1970களில் இலங்கை வானொலி வர்த்தக சேவையில் ஒலித்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்னும் தொடர் நாடகம். அதனை ஆக்கியளித்த எஸ். ராமதாஸ், மரிக்கார் என்னும் முஸ்லிம் பாத்திரமாக நடித்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சில் அப்புக்குட்டியாக வந்தவர் ரி. ராஜகோபால், சிங்களச் சாயல் படிந்த தமிழில் உபாலியாக வந்தவர் எஸ். செல்வசேகரன், அந்தணர் வழக்கிற் பேசும் ஐயராக வந்தவர் பி. எச். அப்துல் ஹமீத். இந்நால்வரும் தோன்ற, ‘கோமாளிகள்’ 1976 இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி என்னும் பெயர்கள் நடிகரின் இயற்பெயரோடு ஒட்டிக்கொண்டு நிலைத்துவிட்டன.

தமிழர் ஒருவர் முஸ்லிமாகவும், முஸ்லிம் ஒருவர் ஐயராகவும் நடித்ததைக் கேட்டு நாடே மகிழ்ந்தது. தொல்காப்பியர் நகைக்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலில் வைத்தார். பிறர் பேச்சைப் போலச் செய்து சிரிப்பது பெரும்பாலும் எள்ளலே ஆகும். ஒருவன் மாத்திரம் வேறாகப் பேச, ஏனையோர் ‘திருந்திய’ தமிழ் பேசினால், அவ்வொருவனே ஏளனத்துக்கு இலக்காவான். கோமாளிகளிலோ நால்வரும் தத்தம் வழக்கையே பேசினர். அளவுகோலாக ஒரு வழக்கும் இல்லாமையால், தாழ்ந்தவன் என்று ஒருவனும் இல்லாமற் போனான். அந்நகை புண்படுத்தாமைக்குக் காரணம் இதுவே எனலாம்.

பின்னாளில் 1983 இன் கலவரத்தையும், 1990 இல் நம் கிழக்கிலே தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சிய கொடுநாட்களையும் கண்டோம். நாடகம் ஒன்று அவற்றைத் தடுத்திருக்கும் என்று கூற யாம் துணியோம். ஆயினும், பிறரது பேச்சைக் கேட்டு அன்போடு சிரித்த காலம் ஒன்று இருந்ததென்பதை இளைஞர் அறிதல் வேண்டும்.

குடும்ப வாழ்வை நேரே பொருளாகக் கொண்ட நாடகங்களும் எழுந்தன. மக்கள் வங்கியின் ஆதரவில் சில்லையூர் செல்வராசன் எழுதிய ‘தணியாத தாகம்’ யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்றின் துயரைப் பேசி நேயர்களைக் கண்கலங்க வைத்தது. அதிற் சோமுவாக நடித்த கே. எஸ். பாலச்சந்திரன், பின்னர் ‘வாத்தியார் வீட்டில்’ என்னும் தொடரை எழுதி, ஆசிரியர் ஒருவரின் வீட்டையே நகைச்சுவைக் களமாக்கினார். பேருந்து நடத்துநர் ஒருவரின் வாய்மொழியாக அமைந்த அவரது ‘அண்ணை றைட்’ தனிநடிப்பை அறியாத ஈழத்தவர் சிலரே.

இவற்றை வியக்கும்போது ஒரு குறையும் நெஞ்சை உறுத்துகின்றது. கோமாளிகள் நால்வருள் மட்டக்களப்பார் ஒருவரும் இலர்! நம் வீடுகளில் இன்றும் வழங்கும் ‘மறுகா’, ‘ஒள்ளுப்பம்’, ‘என்ன மனே’ என்னும் இனிய சொற்களுக்கு அக்குடும்பத்தில் இடம் வாய்க்கவில்லை. கூத்திலே தலைசிறந்த மண், குடும்ப நாடகத்தில் வாய்மூடியிருத்தல் தகுமோ? மேடையேறும் நம் மாணவர் சிரிப்பூட்ட எண்ணினால், யாழ்ப்பாணப் பேச்சையோ தென்னிந்தியத் திரைப்படப் பேச்சையோ இரவல் வாங்குகின்றனர். அம்மம்மாவின் பேச்சைக் கூறச் சொன்னாலோ நாணுகின்றனர்.

மாணவர்களே, இன்று கைப்பேசி ஒன்றே ஒலிப்பதிவுக்குப் போதுமானது. காத்தான்குடிக் கடையில் நிகழும் பேரத்தையும், ஆரையம்பதி அடுக்களையில் எழும் வழக்கையும், வாகரை மீனவரின் குறும்பையும் கேட்டு எழுதுங்கள். நாற்குரல் ஒலித்த வீட்டிலே ஐந்தாவதாக நம் குரலும் ஒலிக்கட்டும்.