தரை அமுங்கினால் கூரையைப் பார்!

உங்கள் வீட்டுத் தரையில் ஓரிடத்தில் கால் வைத்ததும் அது அரை அங்குலம் கீழே போய், காலை எடுத்ததும் மறுபடி மேலே வந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? மொஸெய்க்கிலும் சிமென்டிலும் நடந்து பழகிய நமக்கு அது கற்பனைக்குக்கூட வராத சமாசாரம். சென்ற ஆண்டு கோடையில் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்திலுள்ள என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது எனக்கு அந்த அநுபவம் கிடைத்தது. வீடு என்றால் அவள் குடியிருக்கும் வீடு அல்ல. அதன் பக்கத்தில் சக்கரங்களின் மேல் நின்றுகொண்டிருந்த இன்னொரு வீடு!

டிரெயிலர் என்று அதற்குப் பெயர். காரின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். படுக்கை, அடுப்பு, ஐஸ் பெட்டி, குளியலறை எல்லாம் உள்ளேயே அடக்கம். அமெரிக்கர்களுக்கு இதில் வெகு நாளாக மோகம். 1919-லேயே புளோரிடாவில் இம்மாதிரிப் பிரயாணிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்துவிட்டார்கள். 'தகர டப்பா யாத்ரீகர்கள்' என்று அந்தச் சங்கத்துக்குப் பெயர்! 1969-ல் சந்திரனுக்குப் போய்த் திரும்பிய மூன்று வீரர்களையும், ஏதாவது கிருமியைக் கொண்டுவந்திருப்பார்களோ என்று பயந்து, இத்தகைய டிரெயிலர் ஒன்றை மாற்றியமைத்து அதற்குள்தான் வைத்தார்கள். ஜனாதிபதி நிக்ஸன் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் அவர்களோடு பேசினார்.

அக்காவின் டிரெயிலருக்கு அத்தகைய பெருமை ஒன்றும் கிடையாது. 24 அடி நீளம்; வயது 18. அத்திம்பேர் அதைப் பழையதாக வாங்கியிருந்தார். உள்ளே திரைச்சீலை பழசு, மெத்தை பழசு, அலமாரிக் கதவு பழசு. தரையில் ஒட்டியிருந்த விரிப்பு மட்டும் புத்தம் புதிது. அது மட்டும் ஏன் புதிது என்று வாங்கும்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. புடவைக் கடையில் தலைப்பிலிருந்து உள் மடிப்பு வரை பிரித்துப் பார்க்காமல் வாங்காதவள் என் அக்கா. அவளே ஏமாந்துவிட்டாள்!

பத்து நாளில் மிஷிகன் ஏரிக்கரைக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. டிரெயிலரை நிறுத்த இடம்கூட மாதக் கணக்கில் முன்னதாகவே பதிவு செய்தாயிற்று. குழந்தைகள் இருவரும் நாள்காட்டியில் நாட்களை அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே புழுக்கமாக இருக்கிறதே என்று நான் பின்பக்க மூலை ஜன்னலைத் திறக்கப் போனேன். சோபாவுக்குப் பக்கத்தில் கால் வைத்தேன். இட்லியின் மேல் கால் வைத்த மாதிரி இருந்தது.

"அக்கா, இங்கே தரை அமுங்கறதே!"

அக்கா வந்து நின்று பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "ஏன்னா, கொஞ்சம் இங்கே வாங்கோ!"

அத்திம்பேர் வந்தார். அவரும் ஒரு தரம் அமுக்கிப் பார்த்தார். "விரிப்பு சரியா ஒட்டலை போலிருக்கு. மேலே ஒரு பலகையைப் போட்டு நாலு திருகாணி முடுக்கினாப் போறும். ஊருக்குப் போயிட்டு வந்து மத்ததைப் பார்த்துக்கலாம்."

அக்கா பதில் பேசவில்லை. திருப்புளி ஒன்றை எடுத்து வந்து, விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, பலகையில் ஒரு குத்துக் குத்தினாள். நல்ல பலகையானால் முனைகூட ஏறாது. திருப்புளி பிடி வரைக்கும் இறங்கிற்று. வெளியே எடுத்தபோது நுனியில் ஈரமாக, காப்பிப் பொடி மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் தரை!

இந்த வண்டிகளின் தரை எப்படி அமைந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அடியில் இரும்புச் சட்டம். அதன்மேல் மரத்தாலோ அலுமினியத்தாலோ குறுக்குச் சட்டங்கள். அவற்றின்மேல் அரை அல்லது முக்கால் அங்குல ஒட்டுப் பலகை. எல்லாவற்றுக்கும் கீழே, ரோட்டுப் புழுதி ஏறாமலிருக்க ஒரு கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு. சில வண்டிகளில் இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவே நுரைப் பாளத்தை வைத்து, ஸாண்ட்விச் மாதிரி ஒட்டியிருப்பார்கள். பசை விட்டுப்போனால் அங்கே நடக்கும்போது சரசரவென்று சத்தம் கேட்கும். அதற்கு வைத்தியம் வேறு. அக்காவின் வண்டி முதல் ரகம்.

மரம் தானாக மட்குவதில்லை. காளான் இனத்தைச் சேர்ந்த பூசணம்தான் அதைத் தின்கிறது. மரத்தில் ஈரம் நூற்றுக்கு இருபது பங்குக்குக் கீழே இருக்கும்வரை அந்தப் பூசணத்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே தரை மட்கியிருக்கிறது என்றால், எங்கிருந்தோ வெகு நாளாகத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தண்ணீரை நிறுத்தாமல் மேலே பலகை போட்டால்? ஈரம் உள்ளேயே கிடக்கும். முடுக்கிய திருகாணிக்குப் பிடித்துக்கொள்ள நல்ல மரமும் இராது.

இதை அக்கா சொன்னாள். அத்திம்பேர் ஒப்புக்கொள்ளவில்லை. அன்று இரவு வீட்டில் ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்றுகூட யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் ஒரு பணிமனையில் விசாரித்தார்கள். அவர்கள் கேட்ட தொகை, வண்டியை வாங்கிய விலையைவிட அதிகம்! அத்திம்பேர் திரும்பி வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "சரி, எங்கேர்ந்து ஒழுகறதுன்னு பார்க்கலாம்" என்றார். பயணத்தை ரத்து செய்யும் கடிதத்தை அக்காவே அனுப்பினாள். குழந்தைகளிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. அதை நான் விவரிக்கப் போவதில்லை.

ஒழுக்கைத் தேடுவது ஒரு துப்பறியும் கதைதான். தரையில் மட்கிய இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீர் சுவருக்குள்ளே வழிந்து, நெடுந்தூரம் ஓடி, கடைசியில் மூலையில் வந்து தேங்குகிறது. பெரிய பணிமனைகளில் ஒரு வேடிக்கையான முறை வைத்திருக்கிறார்கள். விசிறியால் வண்டிக்குள் காற்றை அழுத்தி நிரப்பிவிட்டு, வெளியே இணைப்புகளின்மேல் சோப்புத் தண்ணீர் தெளிக்கிறார்கள். எங்கே குமிழி கிளம்புகிறதோ அங்கேதான் ஓட்டை! எங்களிடம் விசிறி இல்லை. தோட்டத்துக் குழாய்தான் இருந்தது. அத்திம்பேர் வெளியே நின்று, கீழிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தண்ணீர் பீச்சினார். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரேயடியாக நனைந்துவிடும். எது ஓட்டை என்று தெரியாது. அக்கா உள்ளே டார்ச் விளக்கோடு உட்கார்ந்திருந்தாள்.

ஜன்னலைத் தாண்டும் வரை ஒன்றுமில்லை. கூரையின் விளிம்பில், பின்னால் வரும் வண்டிகளுக்குத் தெரிவதற்காக ஒரு சிறு சிவப்பு விளக்கு பொருத்தியிருக்கிறார்கள். அங்கே தண்ணீர் பட்டதும், "நிறுத்துங்கோ! நிறுத்துங்கோ!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

விளக்கைச் சுற்றிப் பூசியிருந்த பசை வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. வண்டி ஓடும்போதெல்லாம் வீடு முழுவதும் குலுங்குகிறதல்லவா? எந்தப் பசைதான் தாங்கும்? அதனால்தான் கூரையின் இணைப்புகளை வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஏறிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். முந்திய சொந்தக்காரரும் பார்க்காமல் இல்லை. குளியலறைக்குப் பூசும் ஸிலிக்கோனை அப்பி வைத்திருந்தார். அதன்மேல் வேறெந்தப் பசையும் ஒட்டாது! அதைச் சுரண்டி எடுக்கவே அரை நாள் ஆயிற்று. பிறகு விளக்கின் அடியில் பிசின் நாடா வைத்து, சுற்றிலும் கூரைக்கென்றே விற்கும் பசையைப் பூசினார்கள்.

அதற்குப் பிறகுதான் தரைக்கே வந்தார்கள். மின்சாரத்தையும் பாட்டரியையும் துண்டித்து, காஸ் சிலிண்டரை மூடிக் கழற்றினார்கள். ஏனெனில் காஸ் குழாயும் மின்சாரக் கம்பியும் தரைக்கு அடியிலேயே போகலாம். மூலைகளில் உள்ள ஜாக்கிகள் வண்டி ஆடாமலிருப்பதற்குத்தான், தூக்குவதற்கு அல்ல. அவற்றை நம்பி அடியில் புகுந்துவிடாதீர்கள். பலமான தாங்கிகளை வைத்து, சக்கரங்களுக்கு அண்டை கொடுத்த பிறகே அத்திம்பேர் உள்ளே நுழைந்தார். கறுப்பு விரிப்பில் கத்தியால் ஒரு கீறல் போட்டார். குடம் கவிழ்ந்தாற்போல் தண்ணீர் கொட்டிற்று, அவர் மார்பின்மேல்! புழுதி ஏறாமல் காக்கும் விரிப்பு, தண்ணீரை வெளியே விடாமலும் காத்து வந்திருக்கிறது.

மூக்குக்கு முகமூடி கட்டிக்கொண்டு பலகையை அறுத்தார்கள். ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் கனத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் போனால் சட்டத்தையும் அறுத்துவிடும். எவ்வளவு தூரம் அறுப்பது? திருப்புளி ஏறாத இடம் வரும் வரைக்கும். ஒரு சாண் என்று நினைத்தது ஐந்தடிக்கு நீண்டுவிட்டது. குறுக்குச் சட்டங்கள் இரண்டு அரைகுறையாக மட்கியிருந்தன. அவற்றின் கெட்ட பாகத்தைச் சுரண்டிவிட்டு, பக்கத்தில் புதுச் சட்டத்தை அணைத்து, போல்ட் போட்டு இறுக்கினார்கள். பிறகு இரண்டு வாரம் வேலையே செய்யவில்லை. மின்விசிறியை ஓடவிட்டுக் காயவைத்தார்கள். அத்திம்பேருக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

புதுப் பலகைக்கு அடிப்புறத்திலும் நான்கு ஓரங்களிலும் வர்ணம் பூசியது நானும் குழந்தைகளும். ஒட்டுப் பலகை தண்ணீர் குடிப்பது பெரும்பாலும் ஓரங்கள் வழியாகத்தான். என் புடவை ஒன்று அதில் போயிற்று.

நான் ஊருக்குத் திரும்புவதற்கு முந்திய இரவு நல்ல மழை. இடியும் மின்னலுமாக வெளுத்து வாங்கிற்று. எல்லோரும் டிரெயிலரிலேயே படுப்பது என்று அக்கா உத்தரவு போட்டுவிட்டாள். அது ஏரிக்கரை அல்ல, வீட்டு வாசல்தான். ஆனாலும் குழந்தைகளுக்கு ஒரே குதூகலம். நடு நிசியில் நான் கண் விழித்தபோது சோபாவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. அக்காவாக்கும் என்று நினைத்தேன். அத்திம்பேர்! மண்டியிட்டு, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, மூலையை உள்ளங்கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, ஈரமா?" என்று அக்கா படுக்கையிலிருந்தே கேட்டாள்.

"காய்ஞ்ச அப்பளம் மாதிரி இருக்கு. நீ தூங்கு" என்றார் அவர்.