தேங்காய் எண்ணெயும் எம்.சி.டி. எண்ணெயும் ஒன்றல்ல

உணவியல் நிபுணர் எழுதித் தரும் சீட்டில் ‘எம்.சி.டி. எண்ணெய்’ என்று கண்டு, மருந்தகத்தில் அதன் விலையையும் கேட்டறிந்த குடும்பத்தினர் பலர் எங்களிடம் திரும்பி வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “இதுவும் தேங்காயிலிருந்துதானே எடுக்கப்படுகிறது? வீட்டில் செக்கில் ஆட்டிய எண்ணெய் இருக்கிறதே, அதையே கொடுக்கலாமா?” கேள்வி நியாயமானது. ஆயினும் கொடுக்கக் கூடாது என்பதே எங்கள் விடை.

கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் கோத்த ஒரு சங்கிலி. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், நெய் ஆகியவற்றில் பெரும்பாலான சங்கிலிகள் 16 அல்லது 18 அணுக்கள் நீளமுடையவை. செரித்த பின் இவை நேரே இரத்தத்தில் சேர்வதில்லை. குடற்சுவரில் நுண்துளிகளாக மீண்டும் கட்டப்பட்டு, நிணநீர்க் குழாய்களின் வழியே நெஞ்சினூடாக மேலேறி, கழுத்தின் அடிப்பகுதியில்தான் இரத்தத்தோடு கலக்கின்றன. 8 அணுக்கள் கொண்ட கேப்ரிலிக் அமிலமும் 10 அணுக்கள் கொண்ட கேப்ரிக் அமிலமும் இந்தச் சுற்றுவழியில் செல்வதில்லை. அவை குடலிலிருந்து இரத்தக்குழாய் வழியாக நேரே கல்லீரலை அடைந்து விரைவில் எரிபொருளாகின்றன. எம்.சி.டி. எண்ணெயில் இருப்பவை பெரும்பாலும் இவ்விரண்டே.

இந்த வேறுபாடு சிலருக்கு மிக முக்கியமானது. இதய அறுவை சிகிச்சைக்குப் பின் நெஞ்சில் நிணநீர் கசியும் குழந்தைகள், யானைக்கால் நோய்ப் புழுவால் நிணநீர்க் குழாய்கள் பழுதுபட்டுச் சிறுநீர் பால்போல் வெளுத்துப் போகும் பெரியவர்கள் ஆகியோருக்குச் சாதாரண எண்ணெய் கசிவைப் பெருக்கும். நிணநீருடன் புரதமும், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களும் வெளியேறிவிடும். அத்தகைய குழந்தைக்கு அன்பு மிகுதியால் கஞ்சியில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் சேர்த்தால், குறைந்து வந்த கசிவு மீண்டும் கூடக்கூடும். நெஞ்சில் பொருத்திய குழாயை எடுக்கும் நாளும் தள்ளிப்போகும். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயுள்ள சில குழந்தைகளுக்கும் இவ்வெண்ணெய் உணவாகத் தரப்படுகிறது. அம்முறையை 1971-இல் அமெரிக்க மருத்துவர் பீட்டர் ஹட்டன்லாக்கர் அறிமுகம் செய்தார்.

தேங்காய் எண்ணெயில் கேப்ரிலிக், கேப்ரிக் அமிலங்கள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். பாதியளவு இருப்பது 12 அணுக்கள் கொண்ட லாரிக் அமிலம். வேதியியல் நூல்கள் இதனையும் நடுத்தரச் சங்கிலி வகையிலேயே சேர்க்கின்றன. விளம்பரங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஆனால் குடலில் லாரிக் அமிலத்தின் பெரும்பகுதி நீண்ட சங்கிலிகளைப் போலவே நிணநீர் வழியில்தான் செல்கிறது. எம்.சி.டி. எண்ணெய்க்குத் தேங்காய் எண்ணெயோ பனைக்கொட்டை எண்ணெயோ மூலப்பொருள் என்பது உண்மையே. ஆனால் லாரிக் முதலியவற்றை ஆலையில் பிரித்து நீக்கிய பிறகே அது அந்த எண்ணெயாகிறது.

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்றவர்கள் சிலரும் இதே குழப்பத்தால் சமையல் முழுவதையும் தேங்காய் எண்ணெய்க்கு மாற்றிவிடுகின்றனர். 16 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான பகுப்பாய்வின்படி, பனையெண்ணெய் போன்ற வெப்பமண்டல எண்ணெய்கள் தவிர்த்த பிற தாவர எண்ணெய்களைக் காட்டிலும் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல். கொழுப்பைச் சராசரியாக 10 மில்லிகிராம் அளவு கூட்டுகிறது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல்.லும் 4 மில்லிகிராம் கூடுகிறதே என்பர். நயாசின் மருந்தால் எச்.டி.எல்.லை உயர்த்திப் பார்த்த பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அவியலின் மேல் விடும் ஒரு தேக்கரண்டியோடு எங்களுக்குப் பகையில்லை. நாள்தோறும் தாளிப்புக்கும் பொரிப்புக்கும் அதையே கொள்வதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

எம்.சி.டி. எண்ணெயையும் நாமாக வாங்கிப் பருகுதல் முறையன்று. உடலால் உண்டாக்கிக்கொள்ள இயலாத லினோலிக், ஆல்ஃபா லினோலெனிக் அமிலங்கள் அதில் இல்லை; வாரக்கணக்கில் அதை மட்டுமே கொடுக்க நேர்ந்தால், அவற்றை உணவியல் நிபுணர் தனியே ஈடுசெய்ய வேண்டும். நடுத்தரச் சங்கிலிகளை எரிக்க இயலாத பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. முற்றிய கல்லீரல் நோயோ, கட்டுக்குள் வராத சர்க்கரை நோயோ இருந்தால் முன்னதாகவே எங்களிடம் தெரிவியுங்கள்.

இவ்வெண்ணெயில் பொரித்தல் கூடாது, விரைவில் புகைந்துவிடும். ஆறிய கஞ்சியிலோ குழைத்த சோற்றிலோ கலந்து, எழுதித் தந்த அளவை நான்கைந்து வேளைகளாகப் பிரித்துக் கொடுக்கலாம். முதல் சில நாட்கள் வயிறு முறுக்கிக்கொண்டு பேதி உண்டானால், அடியோடு நிறுத்தாமல் வார்டிலுள்ள செவிலியரிடம் கூறுங்கள். அளவைக் குறைத்து மீண்டும் தொடங்குவோம்.