கடுகில் ஓர் அமிலம், ரத்தக்குழாயில் ஒரு வாயு

சிதம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே அண்ணாமலைநகர். கடலூர் மாவட்டத்தின் பெரிய கல்விக்கூடமான, 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. ரத்தக்கொதிப்புக்குப் பின்னாலுள்ள வேதியியலை அதன் உயிர்வேதியியல் துறை எலிகளில் ஆராய்ந்திருக்கிறது.

ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒரே ஒரு செல் கனத்துக்கு ஒரு படலம் உண்டு, பெயர் எண்டோதீலியம். நெடுங்காலம் அதை வெறும் உறை என்றே நினைத்திருந்தார்கள். அமெரிக்காவில் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டுகள் மீது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விட்டுப் பார்த்தார். படலம் கெடாத துண்டுகள் தளர்ந்தன. படலம் தேய்ந்துபோனவை தளரவே இல்லை. 1980-இல் இதை வெளியிட்டார். படலம் அனுப்பும் தூது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு என்பது பிறகு தெளிவாயிற்று. 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வாயுவின் ஆயுள் சில நொடிகளே. அதற்குள் சூப்பராக்சைடு என்ற தீவிர ஆக்சிஜன் வகை எதிர்ப்பட்டால் இரண்டும் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் ஆகிவிடும். குழாயைத் தளர்த்த வேண்டியது வீணாவதோடு, புதிதாகப் பிறந்தது செல்களையும் தாக்கும். சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் ரத்தக்குழாயைக் கெடுப்பதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

அண்ணாமலைநகர் ஆய்வாளர்கள், நைட்ரிக் ஆக்சைடைச் செய்யும் நொதியை முடக்கும் எல்-நேம் என்ற மருந்தை எலிகளுக்கு நான்கு வாரம் கொடுத்தார்கள். ரத்த அழுத்தம் ஏறியது, திசுக்களில் ஆக்சிஜனேற்றச் சேதமும் கூடியது. இந்தச் சேதத்தை அளக்கும் வழக்கமான சோதனை ஒன்று கண்ணுக்கே தெரியும்: திசுக் கரைசலில் தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்துக் கொதிநீரில் வைத்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். கொழுப்பு எவ்வளவு சிதைந்ததோ அவ்வளவு அடர்த்தி.

கடுகுக் குடும்பத்து விதைகளில் உள்ள சினாபிக் அமிலம் கொடுத்த எலிகளில் அழுத்தமும் சேதமும் குறைந்ததாக அதே துறையின் பூபாலன் ராஜா குழுவினர் 2014-இல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் எழுதினார்கள். இதைப் படித்துவிட்டுத் தாளிப்பில் கடுகை அள்ளிப் போட வேண்டாம். ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்தவே கூடாது. எலிக்குக் கொடுத்தது தூய பொருள், அதுவும் உடல் எடைக்கேற்ற அளவில். இந்த ஆய்வின் மதிப்பு வேறு: எங்கே தடுத்தால் குழாய் பிழைக்கும் என்று அது காட்டுகிறது.

மனிதரில் படலத்தின் நலத்தை அறிய ஊசிகூடத் தேவையில்லை. கையில் பி.பி. பட்டையை இறுக்கி ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு, தளர்த்தியதும் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் அளப்பார்கள். நல்ல படலமுள்ள தமனி ஒரு நிமிடத்துக்குள் விரிந்து காட்டிவிடும்.